சேலை என்ன நிறம்?

நீர்வண்ணத்தில் இருப்பவை அடிப்படையில் மூன்றே பொருள்கள்: நிறப்பொடி, தண்ணீர், காய்ந்தபின் பொடியைத் தாளோடு பிடித்துவைக்கும் பிசின். அந்தப் பிசின் ஆப்பிரிக்காவின் வறண்ட சாகேல் நிலத்து வேலமரங்களிலிருந்து வருகிறது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் செனகல் ஆற்றங்கரைச் சந்தைகளில் அதை வாங்கிய பிரெஞ்சு வணிகர்கள் விலையாகக் கொடுத்தவற்றில் முதன்மையானது புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய துணி. அவுரிச் சாயத்தில் தோய்த்து ஏறக்குறையக் கறுப்பாகும்வரை நீலம் ஏற்றிய பருத்தித் துணி அது. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் ‘கினே’ என்றார்கள். செனகல் ஆற்றுப் பகுதியில் அது உடுக்கும் துணியாக மட்டும் இருக்கவில்லை, பணமாகவே புழங்கியது. தொட்டும் முகர்ந்தும் பார்த்துப் புதுச்சேரிச் சரக்குதானா என்று உறுதிசெய்த பிறகே அங்குள்ள வணிகர்கள் பிசினை அளந்து கொடுத்தார்கள். வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இந்தத் துணியின் கதையை விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்தப் பிசினில் பெரும்பகுதி ஐரோப்பாவின் அச்சுத்துணி ஆலைகளுக்குப் போனது. ஒரு சிறு பகுதி ஓவியர்களின் வண்ணப்பெட்டிக்குள் வந்தது. தறிச் சத்தத்தோடு வளர்ந்த புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்துகொண்டு நீர்வண்ண ஓவியத்தைப் பற்றி எழுதும்போது இந்தச் செய்தியிலிருந்து தொடங்கவே மனம் விரும்புகிறது. நீர்வண்ணம் என்றதும் இங்கிலாந்தின் மேகமும் ஏரியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த வண்ணத்தைத் தாளில் பிடித்துவைத்த பிசினுக்கு ஈடாகப் போனது நம் கடற்கரை நெசவாளர்களின் உழைப்பு. நீர்வண்ண ஓவியர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய நீலங்களில் ஒன்றும் அதே அவுரிதான்.

இன்று குடும்பப் படங்களை நீர்வண்ண ஓவியம்போல மாற்றித் தரும் வேலை பரவலாகிவிட்டது. திருமணநாளுக்கு, அறுபதாம் கல்யாணத்துக்கு, வெளிநாட்டுப் பிள்ளைக்கு அனுப்புவதற்கு, இறந்தவரின் நினைவுநாளுக்கு என்று வாங்குகிறார்கள். செல்பேசிச் செயலி ஒரு நொடியில் செய்து தருகிறது. கணினித் திரையில் பேனா பிடித்து நாள்கணக்கில் வரைபவர்களும் இருக்கிறார்கள். இது கலையா, வெறும் வடிகட்டியா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஒளிப்படம் ஓவியமாக மாறும்போது அதில் எது நிற்கிறது, எது அழிகிறது, அதை முடிவுசெய்பவர் யார் என்பதே என் கேள்வி. நம் ஊர் ஸ்டுடியோக்கள் இதற்கு ஒரு நல்ல விடையை வைத்திருந்தன. அதைப் புதிய கருவிகளுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் வாதம்.

ஒளிப்படம் வருவதற்கு முன்பே இந்தக் கடற்கரையில் மனிதர்களைத் தாளில் நீர்வண்ணத்தால் தீட்டும் தொழில் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பியர்கள் ஊருக்குக் கொண்டுபோவதற்காகத் தமிழ்நாட்டு ஓவியர்கள் தொழில்வாரியாக, சாதிவாரியாகக் கணவன் மனைவி உருவங்களை வரைந்து தொகுதியாக விற்றார்கள். பாரிஸில் 1827 முதல் 1835 வரை வெளியான ‘லிந்த் பிரான்சேஸ்’ என்ற கல்லச்சுத் தொகுதி பிரெஞ்சு ஆட்சிப் பகுதி மக்களின் உருவங்களையும் உடைகளையும் அச்சில் காட்டியது. இவ்வகைப் படங்களில் நிழல் குறைவு, பின்னணியும் பெரும்பாலும் வெறுமைதான். ஆனால் சேலைக் கரை, காதணி, கையில் பிடித்த கருவி ஆகியவை பிசகாமல் இருக்கும். எதை விட்டாலும் எதை விடக்கூடாது என்பதில் அந்த ஓவியர்களுக்கு ஒரு வரிசை இருந்தது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1839இல் பாரிஸில் ஒளிப்பட முறை அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது இந்தியாவுக்கு வந்தது. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் ஓவியப்பள்ளியைத் தொடங்கினார். 1856இல் சென்னை ஒளிப்படச் சங்கம் உருவானது. 1858இல் ஒளிப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் பெரிய பெரிய காகித நெகட்டிவ்களில் பதிவுசெய்தார். கேமரா வந்ததும் ஓவியர்கள் வேலையிழந்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பலர் ஸ்டுடியோவுக்குள் இடம் மாறினார்கள் என்பதுதான் இந்தியாவில் நடந்தது. படத்தில் நிறம் இல்லை, நிறம் இல்லாத முகத்தை வீட்டில் மாட்ட யாருக்கும் மனமில்லை. ஆகவே அச்சிட்ட படத்தின் மேலேயே வண்ணம் தீட்டினார்கள்.

முட்டை வெண்கரு பூசிய அந்தக் காலத் தாளில் நீர்வண்ணம் எளிதில் ஒட்டாது. மாட்டுப் பித்தநீரையோ பிசின் கரைசலையோ முதலில் தடவி, மேற்பரப்பின் வழுக்கலைப் போக்கிவிட்டுத்தான் நிறத்தை ஏற்ற வேண்டும். மிக நீர்த்த நிறத்தைப் பல முறை ஏற்றினால் அடியிலுள்ள ஒளிப்படத்தின் நிழல் மறையாமல் இருக்கும். நகைகளுக்கு மட்டும் ஒளிபுகாத மஞ்சளோ பொன்வண்ணமோ வைப்பார்கள். பிறகு ஜெலட்டின் தாளும் புரோமைட் பெரிதாக்கமும் வந்தபோது எண்ணெய் வண்ணத்தைப் பஞ்சால் தேய்க்கும் முறை பரவியது. வண்ணம் ஏற்றுவதற்கு முந்தைய கட்டம் ஒன்றும் உண்டு. நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து முகத்தின் குழிகளையும் கருநிழல்களையும் தணிப்பார்கள். அதற்கு ‘டச்சப்’ என்று பெயர். டச்சப் தெரிந்த கை உள்ள ஸ்டுடியோவைத் தேடி ஊர்விட்டு ஊர் போனவர்கள் உண்டு.

கோவில்பட்டி இதற்கு நல்ல சான்று. நாட்காட்டிச் சாமி படங்களால் தமிழர் வீட்டுச் சுவர்களை நிரப்பிய சி. கொண்டைய ராஜு (1898–1976) சென்னை ஓவியப்பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் ரமணரிடம் இருந்தார், நாடகக் குழுக்களுக்குத் திரை எழுதினார். 1940-களில் கோவில்பட்டியில் நிலைத்தபோது அவரும் சீடர்களும் இயங்கிய இடம் ஓர் ஒளிப்பட ஸ்டுடியோ. முருகனையும் மீனாட்சியையும் தீட்டிய கைகளே அங்கு வாடிக்கையாளர் படங்களையும் திருத்தின. நம் வீட்டுத் தாத்தா படத்துக்கும் நாட்காட்டி லட்சுமிக்கும் கன்னச் சிவப்பிலும் பட்டின் மடிப்பிலும் ஓர் உறவு தெரிகிறதென்றால் அதற்கு இத்தகைய ஸ்டுடியோக்களே காரணம்.

இந்த ஸ்டுடியோ மரபின் எஞ்சிய தடயங்களைத் தேடித் தொகுக்கும் முயற்சியும் புதுச்சேரியிலிருந்தே நடந்தது. 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு, பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களை எண்ணிமமாக்கும் பணியை மேற்கொண்டது. மானுடவியலாளர் ஜோயி ஹெட்லி அதில் முக்கியப் பங்காற்றினார். ஸ்டுடியோக்கள் இழுத்து மூடப்படும்போது நெகட்டிவ் கண்ணாடிகள் குப்பைக்குப் போகின்றன. அதோடு ஒரு சமூகம் தன்னைத்தானே எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்ற சான்றும் போய்விடுகிறது. கோயில் சிற்பத்துக்குக் கொடுக்கும் மதிப்பை ஒரு ஸ்டுடியோவின் திரைச்சீலைக்கும் கொடுத்த அந்தத் திட்டத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து வண்ண உருவம் பிறப்பதற்குப் புதுச்சேரியில் இருந்து பார்க்க மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு பாரதியார்தான். 1908 முதல் 1918 வரை அவர் இங்கே வாழ்ந்தார். முத்தியால்பேட்டைக் கிருஷ்ணசாமிச் செட்டியார் அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவர். முத்தியால்பேட்டையை அடுத்த கருவடிக்குப்பம் பக்கத்துக் குயில்தோப்பு ‘குயில் பாட்டு’ பிறந்த இடமாகப் போற்றப்படுகிறது. பாரதியின் ஒளிப்படங்களாக நமக்குக் கிடைப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மனைவி செல்லம்மாளோடு புதுச்சேரியில் எடுத்த படம் அவற்றில் ஒன்று. எல்லாமே கறுப்பு வெள்ளை. ஆனால் தமிழர்கள் பாரதியைக் கறுப்பு வெள்ளையில் நினைப்பதில்லை. வெள்ளை முண்டாசு, கறுப்புக் கோட்டு, நெற்றியில் சிவப்பு, கூரிய கண்கள் என்று நாம் அறிந்த அந்த உருவத்துக்கு வலுவான வடிவம் கொடுத்தவர் விடுதலைப் போராட்ட வீரரும் ஓவியருமான ஆர்யா என்ற பாஷ்யம். அதைப் பார்த்து வரைந்தவர்கள், வரைந்ததைப் பார்த்து வரைந்தவர்கள் என்று பள்ளிச் சுவர்வரை அது பரவியது. இன்று இணையத்தில் சுற்றும் நீர்வண்ணப் பாரதிகளும் அதன் வழிவந்தவையே.

அந்தக் கோட்டு உண்மையில் கறுப்பா, அடர்பச்சையா, காப்பிக்கொட்டை நிறமா? ஒளிப்படம் சொல்லாது. அன்றைய ஒளிப்பட வேதியியலைத் தெரிந்துகொண்டால் சிக்கல் இன்னும் கூடுகிறது. பழைய தகடுகளில் இருந்த வெள்ளி உப்பு நீல ஒளிக்கு நன்றாக எதிர்வினை காட்டும், சிவப்பு அதன்மேல் பட்டாலும் பதியாது. 1873இல் ஜெர்மானியர் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்து அதன் உணர்திறனைப் பச்சைவரை நீட்டினார். எல்லா நிறங்களுக்கும் உணர்வுள்ள தகடுகள் 1906 வாக்கில்தான் கடைக்கு வந்தன. அதற்குப் பிறகும் சிவப்பு விளக்கில் வேலைசெய்ய வசதியாக இருந்த பழைய வகையே ஸ்டுடியோக்களில் நெடுங்காலம் நீடித்தது. அந்தத் தகட்டில் குங்குமம் கறுப்பாக விழும். அரக்குச் சேலை கரிய சேலையாகும். வானமும் நீலத் துணியும் வெளுத்துப்போகும். செம்பழுப்பான நம் தோல் நேரில் இருப்பதைவிட இருண்டு தெரியும்.

டச்சப் கலைஞர் நெகட்டிவில் பென்சில் வைத்து முகத்தை வெளுப்பாக்கியதை வெள்ளைத்தோல் ஆசை என்று மட்டும் பலர் எழுதுகிறார்கள். அந்த ஆசை இருந்தது, இப்போதும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாதியாவது அது வேதியியல் செய்த அநியாயத்துக்குக் கைவினை செய்த பரிகாரம். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் பழைய படத்தின் நிறத்தைத் தீர்மானிக்க முடியாது. அதனால்தான் ஸ்டுடியோக்காரர் வண்ணம் வைப்பதற்கு முன் வீட்டாரிடம் கேட்டார்: சேலை என்ன நிறம்? ஆள் மாநிறமா, கறுப்பா? கம்மல் வெள்ளைக்கல்லா, சிவப்புக்கல்லா? பதிலைப் படத்தின் முதுகில் பென்சிலால் குறித்துக்கொண்டார். படத்தில் இல்லாத செய்தி நினைவில் இருந்து வந்தது.

கணினி இந்த இடத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

நீர்வண்ணத்தைக் கணினியில் உண்மையாகவே பாயவைத்த ஆய்வு 1997இல் வந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காசிடி கர்ட்டிஸ், டேவிட் சேல்சின் முதலியோர் தாளை மூன்று அடுக்காகக் கற்பனைசெய்தார்கள். மேலே மெல்லிய நீர் ஓடும் அடுக்கு, நடுவில் நிறப்பொடி படிந்தும் கிளம்பியும் விளையாடும் அடுக்கு, அடியில் தாளின் நார் தண்ணீரை உறிஞ்சிப் பரப்பும் அடுக்கு. ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய நிறங்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதற்குப் பெயிண்ட் தொழிலில் பயன்படும் குபெல்கா–முங்க் சமன்பாடுகளை எடுத்துக்கொண்டார்கள். நிறத்தின் விளிம்பு அடர்வது, ஈரத்தில் ஈரம் புகுந்து பூப்போல் விரிவது, தாளின் குழிகளில் பொடி தங்குவது என்று நீர்வண்ணக்காரர் கையறிந்த குணங்கள் எல்லாம் கணக்கில் வந்தன. ஒளிப்படத்தைக் கொடுத்தால் அதை அடுக்கடுக்கான பூச்சுகளாகப் பிரித்து ஓவியமாக்கிக் காட்டவும் அந்த ஆய்வு முயன்றது.

விளிம்பு ஏன் அடர்கிறது என்பதற்கான இயற்பியல் விளக்கமும் அதே 1997இல்தான் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. சிகாகோவில் ராபர்ட் டீகனும் சகாக்களும் மேசையில் சிந்திய காப்பி காய்ந்தபின் ஏன் வளையமாக நிற்கிறது என்று ஆராய்ந்தார்கள். துளியின் விளிம்பு நகராமல் பிடித்துக்கொள்கிறது. அங்கே நீர் விரைவாக ஆவியாகிறது, இழப்பை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் விளிம்பு நோக்கி ஓடுகிறது, தூளையும் இழுத்துப்போகிறது. காப்பிக்கறையும் நீர்வண்ண விளிம்பும் ஒரே நிகழ்வு.

ஆனால் நம் செல்பேசியில் இருக்கும் பெரும்பாலான ‘வாட்டர்கலர்’ பொத்தான்கள் இவ்வளவு வேலை செய்வதில்லை. அவை படத்தைத் தட்டையாக்கி, விளிம்பை மட்டும் காப்பாற்றி, மேலே தாளின் சொரசொரப்பை ஏற்றிவிடுகின்றன. தட்டையாக்கும் வழிகளில் புகழ்பெற்றது குவஹாரா வடிகட்டி. 1976இல் இதயத்தின் மருத்துவப் படங்களில் உள்ள இரைச்சலைக் குறைக்க ஜப்பானியர்கள் வகுத்தது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நான்கு சிறு சதுரங்களை எடுத்து, அவற்றில் நிற வேறுபாடு மிகக் குறைவாக உள்ள சதுரத்தின் சராசரியை அந்தப் புள்ளிக்குக் கொடுத்துவிடும். சீரான பரப்பு எதுவோ அது வெல்லும். சிறு புள்ளி, மெல்லிய கோடு, பளிச்சென்ற துணுக்கு எல்லாம் தோற்கும்.

ஒரு தமிழ்ப்பெண்ணின் படத்தில் எவை சிறு புள்ளியாக, மெல்லிய கோடாக, பளிச்சென்ற துணுக்காக இருக்கின்றன? மூக்குத்தி. தோட்டின் கற்கள். தாலிச் சரடு. திருநீற்றுக் கீற்று. சேலைக் கரையின் கோபுரப் பின்னல். தகடுகளும் தாள்களும் கைமாறி வந்த பழைய கார்டு சைஸ் படத்தில் ஒரு மூக்குத்தி நான்கைந்து பிக்சல்தான் இருக்கும். இயந்திரத்துக்கு அது இரைச்சல். அதைத் துடைத்துவிட்டு மூக்கை அழகாக வழவழப்பாக்கிக் கொடுக்கும். முன்பு சொன்ன ஓவியர்கள் எதை விடவே கூடாது என்று வைத்திருந்தார்களோ அதுதான் முதலில் போகிறது. ஸ்டுடியோ வண்ணக்காரர் அதே நான்கு பிக்சல் அளவு இடத்தில் வேண்டுமென்றே ஒளிபுகாத வெள்ளைப் புள்ளி ஒன்றை வைத்து முன்னால் இழுத்துக் காட்டினார்.

இதைக் கணினியின் குறை என்று சொல்வதைவிட, கணினிக்குள் இருக்கும் ரசனையின் குறை என்று சொல்வேன். ஒளியும் காற்றும் முக்கியம், பொருள்கள் கரையலாம் என்பது ஐரோப்பிய நிலக்காட்சி நீர்வண்ணத்தின் முடிவு. அது அழகான முடிவு, டர்னரின் கடல்களை யாரால் மறுக்க முடியும்? ஆனால் நம் வீட்டு ஆயாவின் படத்துக்கு அந்த முடிவு பொருந்தாது. இங்கே பின்னணிச் சுவர் கரையட்டும், நாற்காலிக் கால் மங்கட்டும். மூக்குத்தி கரையக் கூடாது.

2015இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் லியோன் கேட்டிஸ், அலெக்சாண்டர் எக்கர், மத்தியாஸ் பெத்கே ஆகியோர் நரம்புவலை முறையில் ஒரு படத்தின் பொருளையும் இன்னொரு படத்தின் பாணியையும் பிரித்துச் சேர்க்கும் வழியைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே பிரிஸ்மா செயலி அவ்வகை உத்தியைப் பொதுமக்கள் கையில் கொடுத்தது. 2022 வாக்கில் சொல்லைக் கொடுத்தால் படம் தீட்டும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவலாயின. 2025 மார்ச்சில் ஜப்பானிய ஜிப்லி பாணியில் தன் குடும்பப் படத்தை மாற்றிப் போடாதவர் குறைவு என்னும் அளவுக்கு அது பரவியது. இவை வடிகட்டிகளைப்போல மூக்குத்தியை அழிப்பதோடு நிற்பதில்லை. முகத்தையே புதிதாக எழுதுகின்றன. கோடிக்கணக்கான படங்களில் அதிகம் கண்டதை நோக்கி ஒவ்வொரு முகத்தையும் நகர்த்துகின்றன. கண் பெரிதாகிறது, தாடை கூராகிறது, தோல் வெளுக்கிறது.

முகத்தைப் படிக்கும் கருவிகள் கருந்தோலில் தடுமாறுகின்றன என்பதற்கு அளவிட்ட சான்று உண்டு. ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிகக் கருவிகள் வெளிர்தோல் ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 விழுக்காடு தவறின. கருந்தோல் பெண்களிடம் தவறு 34.7 விழுக்காடு வரை போனது. ஓவியம் தீட்டும் கருவி வேறு வகை, ஆனால் அதற்கும் ஊட்டம் படக்குவியல்தான். முன்பு வெள்ளித் தகடு நம்மைக் கறுப்பாக்கியது, இப்போது மென்பொருள் வெளுப்பாக்குகிறது. இரண்டுக்கும் நடுவே அந்த மனிதரின் உண்மையான நிறம் ஒன்று இருக்கிறது. அது தெரிந்தவர்கள் வீட்டில் உயிரோடு இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஆயாவின் படம் ஒன்று உண்டு. 1940-களில் எடுத்தது, கண்ணாடிக்குள் பழுத்துப்போனது. முத்தியால்பேட்டையில் அழைப்பிதழும் பிளெக்ஸும் டிசைன் செய்யும் தம்பி ஒருவர் திரையில் பேனா பிடித்து நீர்வண்ணம் வரையக் கற்றவர். அவரிடம் அந்தப் படத்தைக் கொடுத்தோம். படத்தில் சேலை வெளிறிய சாம்பல். அவர் முதலில் அதற்கு இளநீலம் வைத்திருந்தார், பார்க்க இதமாகத்தான் இருந்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது இல்லப்பா. அம்மா அன்னிக்குக் கட்டியிருந்தது மயில்கழுத்து. கரை அரக்கு. அம்மா இந்த நிறமும் இல்ல, நல்ல கறுப்பு. மூக்குத்தி ஒண்ணு போட்டிருக்கியே, ரெண்டு பக்கமும் குத்தியிருப்பாங்க.” நீலம் தகட்டில் வெளுத்துப்போகும் என்று நான் மேலே எழுதினேனே, அந்த வேதியியல் எதுவும் அத்தைக்குத் தெரியாது. ஆனால் படம் மறைத்ததை அவர் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்தத் தம்பி செய்ததைக் கூர்ந்து பார்த்தேன். வண்ணத்தட்டில் இருந்து மஞ்சள் கலந்த பழுப்பை எடுக்காமல் செங்காவியையும் நீலத்தையும் மெல்லிய அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினார். நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் கன்ன மேட்டிலும் தாளின் வெள்ளையை அப்படியே விட்டார். ஒளிபுகும் நீர்வண்ணத்தில் வழக்கமாக வெள்ளை வண்ணம் வைப்பதில்லை, தாள்தான் வெளிச்சம். கருந்தோலில் அந்த வெளிச்சம் பெறும் மினுக்கு வெளிர்தோலில் வராது. நல்ல கறுப்பை வெளுக்காமல் வெளிச்சமாக்கும் திறன் இந்த ஊடகத்துக்கு இயல்பாகவே இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் எல்லோருக்கும் பீச் நிறம் பூசுவது ஊடகத்துக்கும் செய்யும் துரோகம். மூக்குத்திகளையும் தோட்டையும் அவர் தனி லேயரில், கூர்மையான பிரஷ்ஷால், கடைசியாக வைத்தார். பின்னணியைக் கரையவிட்டார். பழைய ஸ்டுடியோ வரிசை தானாகவே திரும்பி வந்தது.

நிறத்தைச் சொல்லும்போது நம் துணிக்கடைச் சொற்களே போதும். மாம்பழம், கிளிப்பச்சை, வெங்காயத்தோல், எம்.எஸ். புளூ, அரக்கு, மயில்கழுத்து: இவை ஒவ்வொன்றும் துல்லியமான குறிப்பு. மயில்கழுத்து என்றால் ஊடும் பாவும் வேறு வேறு நிறம், சாய்த்தால் நீலம் பச்சையாகும் என்பது வரை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நெசவு ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. நீர்வண்ணத்தில் ஈரநீலத்துக்குள் பச்சையைப் பாயவிட்டால் அந்த ஊடுபாவு கிடைத்துவிடும்.

இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். புதுச்சேரிபோன்ற கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்க்கவே கூடாது, ஜெலட்டின் முகத்தோடு உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடே, பக்கவாட்டு வெளிச்சத்தில், எதிரொளி விழாத கோணத்தில் படமெடுங்கள். தனியாக இருக்கும் படத்தை ஸ்கேன் செய்யலாம். 35க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 827க்கு 1063 பிக்சல் கிடைக்கும். ஏ4 அளவில் 300 டிபிஐயில் அச்சிட 2480க்கு 3508 வேண்டும். ஆகவே சிறு படத்துக்கு 1200 டிபிஐயாவது வையுங்கள். மீதியை நீர்வண்ணம் பொறுத்துக்கொள்ளும், வெறும் பெரிதாக்கத்தைவிட ஓவியத்துக்கு உள்ள சலுகை அது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் அது சுருக்கிவிடும், முதலில் சுருங்குவது மறுபடியும் அந்த மூக்குத்திதான். அச்சுக்குப் பருத்தித் தாளும் நிறமி மையும் கேளுங்கள். சாய மை நம் வெயிலில் சில ஆண்டுகளில் வெளிறிவிடும்.

உரிமை பற்றியும் கேட்கிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே. குடும்பப் படத்தைக் குடும்பம் ஓவியமாக்கிக்கொள்ள இது பெரும்பாலும் போதும். குழந்தைகளின் முகங்களை யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இலவசச் செயலியில் ஏற்றுவது வேறு விஷயம், அதைத் தவிர்ப்பதே நல்லது.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்த வேலை இன்னொரு விதத்தில் அவசரம். பிரெஞ்சுக் காலத்தில் சைகோனுக்கும் பிறகு பிரான்சுக்கும் போனவர்களின் வீடுகளில் படங்கள் இரண்டு மூன்று நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. படம் பாரிஸ் புறநகர் ஒன்றில் இருக்கும், அந்தச் சேலையின் நிறம் தெரிந்த சித்தி முத்தியால்பேட்டையில் இருப்பார். வீடியோ அழைப்பில் இருவரையும் உட்காரவைத்து நிறம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அப்படிக் குறித்ததை ஓவியக் கோப்போடு தனியாகச் சேமியுங்கள்: யார், எந்த ஆண்டு வாக்கில், எந்த ஊர் ஸ்டுடியோ, சேலை நிறம், நகை, சொன்னவர் யார், எதை ஓவியர் ஊகித்தார். மூலப்படத்தின் ஸ்கேனையும் திருத்தாமல் அதே இடத்தில் வையுங்கள். நாளை அந்த ஓவியத்தைப் பார்த்து இன்னொருவர் வரைவார், பாரதிக்கு நடந்ததுபோல. எது கேட்டறிந்தது, எது ஊகம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஸ்டுடியோக்காரர் படத்தின் முதுகில் பென்சிலால் எழுதியதைப்போல அச்சின் பின்புறத்திலும் எழுதலாம். பால்பேனா அழுத்தம் முன்பக்கம் தெரியும் என்பதால் மென்மையான பென்சிலையே பயன்படுத்துங்கள்.